பம்பின் பின்பக்கம்

அக்டோபர் 9

பதினோரு நாளாகக் காற்று. படகை எடுக்க வழியில்லை. இன்று என்ஜின் அறையைத் துடைக்கப் போனால் உயர் அழுத்த பம்பின் அடியில் ஒரு கிண்ணம் அளவுக்கு டீசல் தேங்கிக் கிடக்கிறது. போன வாரம் இல்லை. துடைத்துவிட்டு ஓட்டிப் பார்த்தேன், ஐந்து நிமிடத்தில் மறுபடி ஈரம். எந்த இடம் என்றுதான் பிடிபடவில்லை.

ஜுமுன்ஜின் துறைமுகம் முழுக்க ஒரே பேச்சு, கணவாய் மீன் வந்துவிட்டதாம். பம்ப் தாங்குமா என்று மனைவி ஒக்பூன் கேட்டாள். தாங்கும் என்றேன்.

அக்டோபர் 10

காற்று நின்றுவிட்டது. மதியம் கிளம்புகிறோம்.

அக்டோபர் 12, கங்னுங் மருத்துவமனை

வரிசையாக எழுதிப் பார்க்கிறேன். அப்போதாவது எனக்குப் புரிகிறதா என்று.

முந்தாநாள் கிளம்பும் முன் கசிவைக் கண்டுபிடித்துவிடலாம் என்று என்ஜினை ஓடவிட்டேன். பம்பின் பின்பக்கம், சிலிண்டர்களுக்குப் போகும் மெல்லிய இரும்புக் குழாய்கள் வந்து சேரும் இடம். என் கை அங்கே நுழையாது. "உன் கை சின்னது, நீ தடவிப் பாரேன்" என்றேன் ஒக்பூனிடம். நான்தான் சொன்னேன். அவளாகக் கையை விடவில்லை.

வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டாள். துணிக் கையுறையைக் கழற்றிப் பார்த்தோம். ஆள்காட்டி விரலில் ஊசி குத்தியதுபோல ஒரு புள்ளி, அவ்வளவுதான். ரத்தம்கூட இல்லை. "மூணாவது குழாய்ங்க, சுள்ளுன்னுச்சு" என்று சிரித்தாள். அந்த நட்டைக் கால் திருகு இறுக்கினேன். கசிவு குறைந்தது. கிளம்பினோம்.

நான்கு மணி நேரம் கழித்துத்தான் கவனித்தேன், அவள் இடது கையாலேயே எல்லாம் செய்கிறாள். விரல் தடித்து, மெழுகுபோல வெளுத்திருந்தது. தொட்டால் சில்லிட்டது. திரும்பலாம் என்றேன். "இப்பத்தான் கணவாய் ஏறுது, கொஞ்சம் பொறுங்க" என்றாள்.

பொறுத்தேன். ஒரு மணி நேரம். அதை எழுதாமல் விட முடியாது.

டாக்டர் இளம்பெண். கோபப்படவில்லை. அந்தப் புள்ளி வழியாக டீசல் உள்ளே பாய்ந்து நரம்பை ஒட்டி உள்ளங்கை வரைக்கும் போயிருக்கிறது என்று படம் போட்டுக் காட்டினார். குத்தின உடனே வந்திருந்தால்...? கேட்டேன். அவர் பேனாவை மூடி வைத்தார்.

அக்டோபர் 13

ஆள்காட்டி விரலை எடுத்துவிட்டார்கள்.

அக்டோபர் 16

நடுவிரலையும். கை தப்பியதே பெரிது என்கிறார்கள்.

அக்டோபர் 27

வீட்டுக்கு வந்துவிட்டோம். அவள் தூங்கினாள், நான் படகுக்குப் போனேன்.

துறைமுகத்தில் என்ஜின் பட்டறை வைத்திருக்கும் தாக் வந்து என்னோடு சேர்ந்து பம்பைக் கழற்றினார். மூன்றாவது குழாயின் முனையில், நட்டுக்கு அடியில், மயிரிழை போல ஒரு வெடிப்பு. பம்பின் வாயிலிருந்த ரப்பர் வளையங்கள் ஓடாக இறுகிப்போயிருந்தன. குழாயை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அட்டைத் துண்டு பிடிச்சுப் பாக்கலையா?" என்று கேட்டார். இல்லை என்றேன்.

ஏப்ரலில் இதே இடத்தில் உட்கார்ந்து அவர் சொன்னது: "கசிஞ்சா கையை வைக்காதீங்க அண்ணே. கண்ணுக்கே தெரியாத நூல் மாதிரி பீச்சும், கையுறையையும் துளைச்சுடும். ஒரு அட்டையைப் பிடிங்க, எங்க நனையுதோ அங்கதான் ஓட்டை." ஒக்பூன் அன்று சந்தையில் இருந்தாள். நான்தான் தலையாட்டினேன்.

மறந்துவிட்டேனா? எல்லாரும் அப்படித்தான் நினைப்பார்கள். மறக்கவில்லை. அவள் கையை உள்ளே விடும்போது அது ஞாபகத்துக்கு வந்தது. ஒரு நொடிக்கு என்ன ஆகிவிடப்போகிறது என்று நினைத்தேன். அட்டை தேட நேரமில்லை என்று நினைத்தேன்.

நவம்பர் 3

பம்பை நானே பூட்டினேன். புது ரப்பர் வளையங்கள், புது செம்பு வாஷர்கள், ஒரு புதுக் குழாய். ஒவ்வொரு நட்டையும் அளவு பார்த்து இறுக்கினேன். பிறகு குழாய்களிலிருந்து காற்றை வெளியேற்ற வேண்டும். ஒருவர் ஸ்டார்ட்டரைச் சுற்ற, இன்னொருவர் நட்டைத் தளர்த்திப் பிடிக்க வேண்டும். இருபத்தெட்டு வருடமாகச் சுற்றுவது அவள் வேலை. இன்று தாக் சுற்றினார். முதலில் நுரையாக வந்தது, பிறகு குமிழி, பிறகு சுத்தமான டீசல். இறுக்கினேன். ஒரு மணி நேரம் ஓடவிட்டு அட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நனையவில்லை.

ஒரு காலைப்பொழுது வேலை. அவ்வளவுதான் இருந்திருக்கிறது.

நவம்பர் 29

குளிர்காலத்துக்குக் கிம்ச்சி ஊறுகாய் போடும் நாள். பக்கத்து வீட்டுப் பெண்கள் வந்து முட்டைக்கோஸ் அறுபதையும் கழுவித் தந்தார்கள். ஒக்பூன் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்துபோய் ரப்பர் கையுறையை மாட்டிக்கொண்டு வந்தாள். மிளகாய் விழுதில் அந்த இரண்டு வெற்று விரல்களும் மடங்கி மடங்கி விழுந்தன. அவள் கையுறையைக் கழற்றி, அந்த இரண்டையும் கத்தரித்து, நூலால் கட்டிக்கொண்டு மறுபடி உட்கார்ந்தாள்.

"அவருக்கு எப்படித் தெரியும், பாவம்" என்று ஒக்பூன் அவர்களிடம் சொல்வது கேட்டது. நான் வெளியே கிம்ச்சி ஜாடிகளை மண்ணில் புதைக்கக் குழி வெட்டிக்கொண்டிருந்தேன்.

டிசம்பர் 10

சொல்லிவிட்டேன். ஏப்ரல், அட்டை, அந்த ஒரு நொடி, எல்லாம்.

அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். முழுக்கக் கேட்டாள். "இத எதுக்கு இப்ப என்கிட்ட சொன்ன?" என்றாள். இத்தனை வருடத்தில் முதல் தடவையாக ஒருமையில். "தெரியாம நடந்துச்சுன்னு நெனச்சுத்தான் ரெண்டு மாசமா தாங்கிக்கிட்டு இருந்தேன். அதையும் பிடுங்கிட்ட. உன் பாரம் எறங்கிடுச்சுல்ல?"

இறங்கவில்லை ஒக்பூன். ஆனால் அதை யாரிடம் சொல்வது. மறைத்திருந்தால் நல்லவனா? சொன்னதால் நல்லவனா? எனக்கு ஒண்ணுமே தெரியல.

டிசம்பர் 12

சொக்சோவிலிருந்து அவள் அக்கா காரில் வந்தார். ஒக்பூன் கையில் ஒரு பை, குளிர் கோட்டு. வாசலில், மருந்துச் சீட்டை எடுத்துக்கொண்டாயா என்று கேட்டேன். தலையசைத்தாள்.

ஜனவரி 6

பனி. யாரிடமும் பேசவில்லை.

பிப்ரவரி 17

சந்திரப் புத்தாண்டுக்குப் போனில் அழைத்தேன். அக்காதான் எடுத்தார். தன் உணவுக்கடையில் ஒக்பூன் காலையில் கல்லாவில் உட்காருகிறாளாம், இடது கையால் எழுதப் பழகிவிட்டாளாம். பிறகு அவளிடம் கொடுத்தார். "சாப்பிட்டீங்களா" என்று கேட்டாள். மறுபடி மரியாதையாக. வங்கியில் இருக்கும் பெண் கேட்பதுபோல.

சாப்பிட்டேன் என்றேன்.

மார்ச் 21

தட்டைமீன் பருவம் தொடங்கிவிட்டது. விடிந்ததும் வலை ஏற்றினேன். என்ஜின் முதல் சுற்றிலேயே பிடித்துக்கொண்டது.

துறைமுகச் சாவடியில் புறப்பாட்டுப் படிவம் எழுதும் காவலர் எங்களைப் பத்து வருடமாகப் பார்க்கிறவர். கேட்காமலே ஆள் இரண்டு என்று எழுதினார். பெயர் எழுதப் போனவர் நிறுத்தி, என் பின்னால் படித்துறையை எட்டிப் பார்த்தார்.

"ஒண்ணுதான்" என்றேன்.

அவர் அடித்துத் திருத்தி, திருத்திய இடத்தில் கையெழுத்துப் போடச் சொன்னார். போட்டுவிட்டுக் கிளம்பினேன்.