கம்பளிக்கு நன்றி

புதன் காலை

பெனிட்டா,

ராகிக் களி கிண்டி வைத்திருக்கிறேன். சூட்டோடு சாப்பிட்டுவிட்டுத் தேயிலைக் கொழுந்தெடுக்கப் போ.

நேற்றுச் சாயங்காலம் குடித்துவிட்டு லைன் வீட்டு வாசலில் விழுந்து கிடந்தேன். நீ கம்பளியைப் போர்த்தி, பார்த்தவர்களிடம் "அப்பாவுக்குக் காய்ச்சலுங்க" என்றாய். என்னைத் திட்டியிருந்தால்கூடத் தேவலை. ஆனாலும் அந்தக் கம்பளிக்கு நன்றி, பாப்பா.

பைபிளில் பேழை கட்டிய நோவாவும் குடித்துவிட்டு இப்படிக் கிடந்தவன்தான். மகன்கள் போர்த்தினார்கள். வேதம் அதை மறைக்காமல் எழுதி வைத்திருக்கிறது. ஆண்டவரும் அவனைத் தள்ளிவிடவில்லை. எனக்காக நீ இனிப் பொய் சொல்ல வேண்டாம்.

குடியை விட்டு ஒரு வருடம் என்று இந்த ஞாயிறு சபையில் சாட்சி சொல்வதாக இருந்தேன். இப்போது பாஸ்டரிடம் நடந்ததைச் சொல்லப் போகிறேன்.

அப்பா

பி.கு: ஞாயிறு சாட்சி சொல்லத்தான் போகிறேன். குடியை விட்டு நாலு நாள் ஆச்சு என்று சொல்வேன். நீ முன் வரிசையில் உட்கார்.