விழுங்கிய பக்கம்

அன்புத் தங்கை கீர்த்தனாவுக்கு, அண்ணன் மரியசெல்வம் செஞ்சி ஆஸ்பத்திரியிலிருந்து எழுதுவது. உயிரோடு இருக்கிறேன், பயப்படாதே. போனை உடைத்துவிட்டார்கள், அதனால்தான் கடிதம்.

உன் ஆராய்ச்சிக்கு நீ சொன்னபடியே தேடினேன். கலவரம் என்று தேடினால் ஒன்றும் அகப்படாது, தேதியைப் பிடித்துக்கொண்டு போ என்றாயே, அது பலித்தது. நாற்பது வருஷத்துக்கு முன் நம் மாதா கோயில் தேர் காலனிக்குள் போகக்கூடாது என்று நம் தெருக்காரர்கள் கலவரம் செய்தார்கள் இல்லையா, அதற்கு மறுநாள் பேப்பரில் இரண்டே வரி. தீ விபத்தில் மூவர் பலி. விபத்தாம், வெங்காயம்.

அடுத்து, பேப்பரோடு நிற்காமல் கோயில் சாவுப் பதிவேட்டையும் பார் என்றாய். அன்றைய சாமியார் பொய் எழுதவில்லை. காலனிச் சூசையம்மாள், அவள் பிள்ளைகள் இரண்டு பேர், வீட்டுக் கதவை வெளியே கொக்கி மாட்டிக் கொளுத்தியதில் இறந்தார்கள் என்று எழுதியிருந்தார். கீழே செய்தவர்களின் பெயர்கள். போனில் போட்டோ எடுத்துவிட்டு அந்தப் பெயர்களைப் படிக்கக் குனிந்தேன், பின்மண்டையில் இரும்புக் குழாய் இறங்கியது.

நம் தெரு லாரன்ஸும் அவன் தம்பிகளும்தான். அவன் அப்பன் பெயரும் அதில் இருந்திருக்கும். கீழே தள்ளி மிதித்தார்கள். முன்பல் இரண்டு போய்விட்டது. இடது கைமேல் ஒருவன் ஏறி நின்றான், விரல்கள் முறிகிற சத்தம் எனக்கே கேட்டது. லாரன்ஸ் அந்தப் பக்கத்தைக் கிழித்து என் வாயில் திணித்து, "இன்னாத்தடா தேடற, முழுங்கு" என்றான். விழுங்கினேன், கீர்த்தனா. தலையில் ஏழு தையல்.

நைனா பார்க்க வந்தார். பெற்ற மகன் கிடக்கிற கோலத்தைப் பார்த்து அழுவார் என்று நினைத்தேன். "இன்னாத்துக்குடா ஊரெல்லாம் தேடி ஒத வாங்கன? வூட்ல இருக்கறவன ஒரு வார்த்த கேட்டியா? அந்தக் கொக்கிய மாட்டனவன் நான்தான்" என்றார். எனக்கு வந்த ஆத்திரத்தில் குளுக்கோஸ் கம்பியைப் பிடுங்கி அவரை அடிக்க எழுந்துவிட்டேன். நர்ஸம்மா குறுக்கே வந்ததால் தப்பித்தார்.

இப்போது பக்கமும் இல்லை, போட்டோவும் இல்லை. இனி நைனாவின் வாய் மட்டும்தான் ஆதாரம். நீ வந்தால் எல்லாவற்றையும் சொல்கிறேன் என்கிறார். சொன்னால் ஜெயில், அல்லது அதற்கு முன்பே லாரன்ஸ் கையால் சாவு. அது அவருக்கும் தெரியும்.

நைனாவை விட்டுவிடு என்று உன்னிடம் கெஞ்சத்தான் எழுத உட்கார்ந்தேன். முடியவில்லை. சூசையம்மாளின் சின்னப் பிள்ளைக்கு இரண்டு வயது என்று அந்தப் பக்கத்தில் இருந்தது.

மாதா உனக்குத் தைரியம் தரட்டும். சீக்கிரம் வா. நைனா ஆயிற்றே என்று ஒரு கேள்வியையும் விட்டுவிடாதே.

உன் அண்ணன்,
மரியசெல்வம்