நீ எடுக்காமல் போன கை

என் செல்லக் கழுதை வசந்தாவுக்கு,

நீ போன பிறகு உன் வேலைக்கு இன்னும் ஆள் போடவில்லை. மலைமேல் இருக்கிற புதூர்நாட்டுக்கு ஜீப்பில் தொங்கிக்கொண்டு போக, மாற்றுத்திறன் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் எந்தச் சிறப்பாசிரியருக்கும் மனமில்லை. ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுப்பதுதான் என் வேலை, மலை ஏறுவது உன் வேலை என்று உன்னிடம் பீற்றிக்கொண்டிருந்த நானே இப்போது வாராவாரம் ஏறுகிறேன். சிரிக்காதே. பாதி வழியிலேயே எனக்கு வாந்தி வந்துவிடுகிறது.

அங்கே உன் பெயரைச் சொன்னாலே கண் கலங்குகிறார்கள். எனக்கும் பெருமைதான். சாதாரணக் காய்ச்சல் என்று மாத்திரை போட்டுக்கொண்டு படுத்தவள் எழுந்திருக்கவே இல்லை என்பதை என்னால் இன்னும் நம்ப முடியவில்லை. ஆனால் உன்னைப் புகழ்வதற்காக இதை எழுதவில்லை. உன்மேல் கோபமாக இருக்கிறேன், வசந்தா. செத்துப்போனவள்மேல் கோபப்படலாமா என்று யாரிடம் கேட்பது?

உன் மாணவி அலமேலுவைப் பற்றித்தான் சொல்ல வந்தேன்.

பள்ளி முடிந்ததும் அவள் வீட்டுக்குள் முடங்கிவிடக் கூடாது என்று எவ்வளவு அலைந்தாய்! பேச்சும் குறைவு, புரிந்துகொள்வதும் மெதுவாகத்தான், இவளுக்கு யார் வேலை தருவார்கள் என்று எல்லாரும் கையை விரித்தபோது, புளி உடைக்கிற பெண்களோடு கொண்டுபோய் உட்கார வைத்தாய். ஓட்டை உடைப்பது, நாரை உரிப்பது, கொட்டையை எடுப்பது என்று ஒவ்வொன்றாகப் பிரித்துச் சொல்லிக்கொடுத்தாய். வளர்ந்த பெண், தன் சோற்றைத் தானே சம்பாதிக்கிறாள் என்று போனில் கத்தினாயே, நினைவிருக்கிறதா?

இப்போது அவளை அந்தக் கூட்டத்தில் சேர்ப்பதில்லை. அவள் அம்மா கோவிந்தம்மாதான் சொன்னாள். "ஒரே ஒரு புளிய ஒடச்சிட்டு அப்படியே குந்திக்கினு இருக்குதாம், டீச்சரு. ஏந்திரிச்சிப் போன்னு அனுப்பிட்டாங்க."

கூட்டத்துக்கு மூத்தவள் ராஜம்மாவிடம் போய் நின்றேன். அவளையும் குறை சொல்ல முடியாது. "மொத்தக் குவியலுக்கும் சேத்துத்தான் கூலி. ஒருத்தி சும்மா குந்தினா எல்லாருக்கும் கம்மியாவுது. நாங்களும் வவுத்துக்குத்தான செய்றோம்?" என்றாள். கெஞ்சியதும், சரி, ஒருநாள் உட்கார வைத்துப் பார்க்கலாம் என்றாள்.

மறுமுறை போனபோது அலமேலுவை அழைத்துக்கொண்டு போய் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்தேன். ஒரு புளியை எடுத்தாள். ஓடு ஒரு துணுக்குக்கூட ஒட்டாமல் உடைத்து, நார் உரித்து, கொட்டை எடுத்துக் கூடையில் போட்டாள். எனக்கு உன்னைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல இருந்தது. பிறகு கையை மடியில் வைத்துக்கொண்டாள். அவ்வளவுதான். அடுத்ததை எடு என்று எத்தனையோ முறை சொன்னேன். அவள் முதுகைத் திருப்பி, இடது தோளை என் பக்கம் நகர்த்தினாள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

எதிரே இருந்த பெண்தான் சொன்னாள். "தட்டுங்க, டீச்சரு. ஒவ்வொரு புளிக்கும் ஒங்க தங்கச்சி தோள்ல ஒரு தட்டு தட்டுவாங்க. அதுக்கப்பறந்தான் அடுத்தத எடுக்கும்."

அடிப் பாவி! தினமும் அவள் பின்னால் உட்கார்ந்து தட்டிக்கொண்டே இருந்தாயா? கற்றுக்கொடுக்கும்போது தொட்டுத் தூண்டலாம், பிறகு கொஞ்சம் கொஞ்சமாக அந்தத் தூண்டுதலைக் குறைத்து எடுத்துவிட வேண்டும் என்பது உனக்குத் தெரியாததா? அவள் ஒரு நொடி தடுமாறினாலும் உனக்குப் பொறுக்காது. புளி உடைப்பதோடு சேர்த்து உன் கைக்காகக் காத்திருப்பதையும் அவள் கற்றுக்கொண்டாள். நீ இல்லாத ஒரு நாளை நீ யோசிக்கவே இல்லையா?

தட்டினால் அன்றைக்கு அவளுக்கு இடம் இருக்கும். தட்டாவிட்டால் அப்போதே எழுப்பி அனுப்புவார்கள். எல்லாரும் என்னையே பார்த்தார்கள். நான் தட்டினேன். பொழுது சாயும் வரை தட்டினேன். அவளும் மற்றவர்களுக்குச் சமமாக உடைத்தாள். ஜீப் வந்து நின்றபோது ராஜம்மா கேட்டாள்: "நாளைக்கும் வருவீங்களா, டீச்சரு?" நான் ஜீப்பில் ஏறி உட்கார்ந்தேன்.

அடுத்த வாரம் போனேன். அலமேலு வீட்டுக்கு வெளியில் தாழ்ப்பாள் போட்டிருந்தது. சன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். கூப்பிட்டேன், திரும்பவில்லை. சாயங்காலம் வேலையிலிருந்து வந்த கோவிந்தம்மா என் முகத்தைப் பார்க்காமலே சொன்னாள்: "நான் கொல்லிக்குக் களையெடுக்கப் போனாத்தான் கஞ்சி. வெளிய வுட்டா இது எங்கனா போய்டும். நான் இன்னா செய்றது?"

நேற்று புதிதாகச் சேர்ந்த சிறப்பாசிரியர்களுக்குப் பயிற்சி. உன்னைப் பற்றி நான் பேச வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். நீ அலைந்ததையும் சொன்னேன், தட்டியதையும் சொன்னேன், அந்தத் தாழ்ப்பாளையும் சொன்னேன். ஒரு பெண் அழுதுகொண்டே எழுந்தாள். "இன்னா மேடம், சொந்தத் தங்கச்சியப் போய் இப்படிச் சொல்றீங்க?"

"தங்கச்சியா இருக்கங்காட்டித்தான் சொல்றேன், உக்காரும்மா" என்றேன்.

கோவிந்தம்மா வீட்டில் ஒரு கூடைப் புளி வாங்கி வைக்கச் சொல்லியிருக்கிறேன். அலமேலு தானாகச் செய்தால் கூட்டிக்கொண்டு வரலாம் என்று ராஜம்மா வாக்குக் கொடுத்திருக்கிறாள். புளிக்காலம் முடியப் போகிறது, அதற்குள் நடக்குமா என்று தெரியவில்லை. பயிற்சிக்கு வந்தவர்களில் இரண்டு பேரை என்னோடு அழைத்துப்போகிறேன். அலமேலுவுக்கு எதிரே உட்காருவோம். அவள் தோளை நீட்டுவாள், அழுவாள், கையைக் கடித்துக்கொள்வாள். தங்கச்சி எவ்வளவு நல்லவங்க, இவங்க எப்படி ராட்சசியா இருக்காங்க என்று ஊரே பேசும். பேசட்டும். அடுத்த புளியை அவளாக எடுக்கிற வரைக்கும் அவள்மேல் என் விரல்கூடப் படாது, வசந்தா. உன்மேல் சத்தியம்.

உன் கல்நெஞ்சுக்கார அக்கா,
சரோஜா