உங்கப்பாவிடம் மிஞ்சிய ஒரு சொல்

அன்பு மகள் கனாயேவுக்கு, அம்மா எழுதுவது. அகிதாவில் பனி கொட்டத் தொடங்கிவிட்டது, நாங்கள் இருவரும் ஏதோ நாளைத் தள்ளுகிறோம். அங்கே பெர்த் வெயிலில் நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருந்தால் அதுவே போதும்.

போனில் நான் சொல்லும் "நல்லாத்தான் இருக்கோம்" என்பதை இனி நம்பாதே. பக்கவாதத்துக்குப் பிறகு உங்கப்பாவுக்கு "காக்கெத்தே" என்ற ஒரே சொல்தான் மிஞ்சியிருக்கிறது. நம் ஜப்பானியப் பேச்சில் அது சுமக்காத வேலை உண்டா? கண்ணாடி மாட்டு, கம்பளி போர்த்து, கதவைப் பூட்டு, டோஃபு மேல் சோயா ஊற்று, போன் போடு, உட்கார், எல்லாவற்றுக்கும் அதுதான். கண்ணாடி கொண்டுபோனால் இல்லை என்று தலையாட்டுகிறார், கம்பளி என்றால் முகத்தைத் திருப்புகிறார், நான் வீடு முழுக்க ஓடுகிறேன். நேற்றுப் பொறுக்காமல் "இன்னொரு தடவ சொன்னீங்கன்னா பனியில போயி உக்காந்துருவேன்" என்று கத்திவிட்டேன். அதற்கும் அதையேதான் சொன்னார்.

போன மாதம் நகராட்சியிலிருந்து ஒரு அம்மா வந்தார், இவருக்கு எவ்வளவு உதவி தேவை என்று பார்த்துப் போக. வெளி ஆள் வரும்போது வீட்டைப் போட்டது போட்டபடி விட எனக்கு மனம் வருமா? விடியுமுன் எழுந்து துடைத்து, நாற்றம் போக ஜன்னலைத் திறந்து, இவருக்குச் சவரம் செய்து, இஸ்திரிச் சட்டை மாட்டி உட்காரவைத்தேன். அந்த அம்மா நுழைந்ததும் இவர் நாற்காலியைக் காட்டித் தெளிவாக "காக்கெத்தே" என்றார். அவர் பூரித்துப்போய் "தாத்தா நல்லாப் பேசுறாரே" என்றபடி உட்கார்ந்தார். கழிவறைக்கு யார் கூட்டிப்போவது என்று கேட்டார். எனக்கு வாய் கூசியது, "அவரே போயிக்குவாரு" என்றேன். இவருக்கு அவ்வளவு உதவி தேவையில்லை என்று முடிவு கட்டிவிட்டார்கள்; இப்போது, வாரம் மூன்று நாள் உதவிக்கு வந்த மிசுஹோ இனி ஒரு நாள்தான் வருவாளாம். "நோயாளி வீட்ட யாராச்சும் இப்படிப் பளபளன்னு வெப்பாங்களாம்மா" என்று அவள் தலையில் அடித்துக்கொண்டாள். என் தலையில் நானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டேன். நேற்று அவரைத் தூக்கும்போது இருவருமே விழுந்தோம். அடி ஒன்றுமில்லை, எழத்தான் வெகு நேரம் ஆனது.

மறுபடி பார்க்கச் சொல்லி எழுதிக் கொடுத்திருக்கிறேன், புத்தாண்டு கழிந்து வருவார்கள். அப்போது நீ வா. அவர்கள் முன்னால் என் வாயில் உண்மை வராது, நீ பக்கத்தில் உட்கார்ந்து சொல். விடியலில் நான் துடைப்பத்தைத் தொட்டால் பிடுங்கிவிடு.

நோய்நொடி இல்லாமல் இருவரும் நீடூழி இருங்கள். தடித்த கோட்டு மறக்காதே.

இப்படிக்கு,
என்னால் முடியவில்லை என்று காகிதத்திலாவது சொல்லிவிட்ட உன் அம்மா,
தோமிகோ