மாடிப்படி எந்தப் பக்கம்

மானாம்பதி
9.2.2024

அன்புள்ள அக்கா,

ஸ்தோத்திரம். போனில் பேச ஆரம்பித்தால் ரெண்டு பேரும் கத்துகிறோம், இனிமேல் எழுதிப் போடு என்றாய். இதோ எழுதுகிறேன். பிழையைப் பார்த்துச் சிரிக்காதே.

உத்திரமேரூர் கட்டிடத்தில் வேலை ஆரம்பித்துவிட்டோம். கீழே கடை, மேலே நமக்கு வீடு, கடை வாடகையில் லோன் அடைந்துவிடும் என்று கணக்குப் போட்டோமே, மாடிப்படி கடைக்குள்ளேயே இருப்பதை நம் ரெண்டு பேர் கண்ணும் பார்க்கவில்லை பார். கடைக்காரர் ஷட்டரை இறக்கிவிட்டால் மேலே இருப்பவர் எப்படி இறங்குவது? வீராசாமி மேஸ்திரி தலையில் அடித்துக்கொண்டார். "கட்டடம் வாங்கறதுக்கு முன்னாடி என்னாண்ட ஒரு வார்த்தை கேக்கக் கூடாதா? மொதல்ல படிய வெளிய எடு, அப்புறம் டைல்ஸ் பாக்கலாம்" என்கிறார்.

கீழே உரக்கடை வைக்க வேதாசலம் என்பவர் கேட்கிறார். படியைப் பின்சந்துப் பக்கம் வைத்தால் உடனே அட்வான்ஸ் தருகிறாராம். அவர் வந்துவிட்டால் கிறிஸ்துமசுக்கு நீ ஒரேயடியாக ஊருக்கே வந்துவிடலாம். உன் ரூமுக்கு ஜன்னல் எங்கே என்று அம்மா இப்போதே மேஸ்திரியை நச்சரிக்கிறாள்.

உன் தம்பி
ஆல்வின்

மஸ்கட்
21.2.2024

அன்புத் தம்பிக்கு,

படி முன்பக்கம்தான்டா. பின்சந்தில் சாக்கடை ஓடுகிறது, விளக்கும் கிடையாது. அம்மா அந்த முட்டி வலியோடு அதைத் தாண்டி வரணுமா? முன்னால் இறங்கினால் நாலு எட்டில் பஸ் ஸ்டாண்டு. படி எங்கே இருந்தால் வேதாசலத்துக்கு என்ன? காரணம் கேட்டு எழுது.

டைல்ஸ் போட்டோவாக அனுப்பித் தள்ளுகிறாயே, அம்மா முகத்தை ஒரு தடவையாவது அனுப்பினாயா?

ஆஸ்பத்திரியில் என் ஒப்பந்தம் டிசம்பரோடு முடிகிறது. இனி வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அடுத்தவர் வீட்டு நோயாளிகளைப் பார்த்தது போதும். அம்மா பக்கத்தில் படுத்துத் தூங்கணும்.

அக்கா
பிரிஸ்கில்லா

மானாம்பதி
18.4.2024

அன்புள்ள அக்கா,

நீ திட்டப்போகிறாய். படியைப் பின்னாலேயே போட்டுவிட்டேன். கான்கிரீட்டும் ஆயிற்று.

காரணம் கேட்கச் சொன்னாயே, வேதாசலத்திடம் கேட்டேன். "தப்பா எட்த்துக்காதபா. கடைக்கு நாலு பெரிய மனுஷங்க வந்து போவாங்கோ. காலனி ஜனம் முன்னாடி ஏறி எறங்கிக்கினு இருந்தா யாவாரம் படுத்துடும். ஓனரு நீங்கதான், யாரு இல்லேன்றது?" என்றார். எனக்கு டீ வாங்கிக் கொடுத்துக்கொண்டே சொன்னார், அக்கா.

உடம்பெல்லாம் எரிந்தது. ஆனாலும் தலையை ஆட்டிவிட்டேன். அவருக்கு முன்னால் கடை பார்க்க வந்தவர்கள், கட்டிடம் யாருடையது என்று தெரிந்ததும் திரும்பி வரவே இல்லை. இவரையும் விட்டால் நீ எப்படி வருவாய்? நீ எழுதுவது மஸ்கட்டில் உட்கார்ந்து. நான் அந்தத் தெருவில் நடக்கிறேன்.

கடைக்கு இடம் பத்தவில்லை, அதனால் பின்னால் வைத்தோம் என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். அம்மா ஒன்றும் கேட்கவில்லை.

ஆல்வின்

மஸ்கட்
2.5.2024

ஆல்வின்,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு முதலில் அழுதேன். அப்புறம்தான் கோபம் வந்தது. நாம் வாங்கின கட்டிடத்தில் நம் அம்மா ஒளிந்து ஒளிந்து ஏறணுமா? அப்பா அந்தத் தெருவில் நெல் மூட்டை தூக்கினார். கூலிக்குப் பின்பக்கமாக வா என்றார்கள், போனார். அவருக்கு வேறு வழியில்லை. நமக்கு இருக்கிறது.

இடித்துவிடு. அட்வான்ஸைத் திருப்பிக் கொடு. கடை சும்மா கிடந்தால் கிடக்கட்டும், லோனை நான் பார்த்துக்கொள்கிறேன். இன்னும் மூன்று வருஷத்துக்கு இங்கே கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

உன் மேல் வருத்தமில்லை என்று எழுத ஆசைதான். அதற்குக் கொஞ்ச நாள் ஆகும்.

பிரிஸ்கில்லா

மானாம்பதி
14.7.2024

அன்புள்ள அக்கா,

படி முன்னால் வந்துவிட்டது. பின்படியை மேஸ்திரி ஆள் வைத்து இடிக்கிறேன் என்றார், நான் விடவில்லை. சம்மட்டியை வாங்கி நானே இடித்தேன். வேதாசலம் அட்வான்ஸைத் திருப்பி வாங்கிக்கொண்டு போய்விட்டார். கடை பூட்டிக் கிடக்கிறது. நீ சொன்னதுதான் சரி. இதை உனக்கு எழுதாமல் எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஏன் இடிக்கிறாய் என்று அம்மா கேட்டதால் எல்லாவற்றையும் சொல்லவேண்டியதாயிற்று. அம்மாவுக்கு ஆச்சரியமே இல்லை. "அந்த ஆளு இன்னாத்துக்குக் கேட்டான்னு எனக்குத் தெரியாதா? தெரிஞ்சிக்கினுதான் சும்மா இருந்தேன். எம்பொண்ணு வூடு வந்து சேர்ந்தா போதும், ஆயுசுக்கும் பின்னாலயே ஏறிப் போயிருப்பேன்டா" என்றாள்.

மேல்வீட்டுக்குக் குடிபோகலாம் வா என்றால் வரமாட்டேன் என்கிறாள். நீ வந்து முதலில் ஏறணுமாம், அப்புறம்தான் அவளாம். கெஞ்சிப் பார்த்துவிட்டேன். தினமும் நான் மட்டும் போய்ப் பெருக்கிவிட்டு வருகிறேன்.

"கிறிஸ்மசுக்கு வராட்டி ஈஸ்டருக்கு வந்துடுவா இல்ல?" என்று நேற்றும் கேட்டாள். மூன்று வருஷம் என்பதை நான் இன்னும் சொல்லவில்லை. அதை மட்டும் நீயே எழுது, அக்கா.

உன் தம்பி
ஆல்வின்