ஓட்டை போடாத பால் டின்

அன்பு லாத்தா,

உன் மகள் வந்து சேர்ந்துவிட்டாள். இதைச் சொல்லாமல் வேறு எதைத் தொடங்கினாலும் உன் காதில் ஏறாது. பல்கீஸ் போர்ட் பிளேரில் நம் டெய்ரி ஃபார்ம் பேட்டை வீட்டில் இருக்கிறாள். மெட்ராஸிலிருந்து வரும் வழியெல்லாம் கப்பலில் வாந்தியாம். இப்போது நன்றாகச் சாப்பிடுகிறாள். உன்னைப் போலவே மீன் முள்ளைத் தட்டின் ஓரத்தில் வரிசையாக அடுக்குகிறாள். என்னைச் சாச்சி என்று கூப்பிடுகிறாள். உன் பிள்ளைக்குச் சின்னம்மா என்ற அந்த இடத்துக்கு நான் இன்னும் பழகவில்லை.

வந்த மறுநாள் அத்தா அவளைக் கடைக்குக் கூட்டிப்போனார். ஷிப்பிங் ஆபீஸுக்கு ஓர் இங்கிலீஷ் கடிதம் எழுத வேண்டியிருந்ததால் நானும் உள்ளறையில் இருந்தேன். ஹேடோவிலிருந்து ஒரு வங்காளி அம்மா வந்து பால் டின் கேட்டாள். அத்தா வழக்கம்போல டின்னைத் துணியால் துடைத்து நீட்டினார். பல்கீஸ் தாத்தாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நன்னா, ஓட்டை போடலியா?"

"எதுக்கும்மா ஓட்டை?"

"போடாம குடுத்தா புடிச்சிட்டுப் போயிருவாங்க. அம்மாவ அப்படித்தான் புடிச்சாங்க."

"க்யா போல்தி ஹை பச்சி?" என்று, பிள்ளை சொன்னது புரியாமல் கேட்டு அந்த அம்மா சிரித்தாள்.

"குச் நஹீ, பெஹன்" என்று, ஒன்றுமில்லை எனத் தலையாட்டினார் அத்தா. டின்னைக் கொடுத்துவிட்டு அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார்.

பால் டின்னில் ஓட்டை போடுவது என்ன சட்டம் என்று இதைப் பத்திரிகையில் படிப்பவர்கள் கேட்பார்கள். நீ எனக்கு எழுதியதையே அவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன். மலாயாக் காடுகளில் துப்பாக்கியோடு கம்யூனிஸ்டுகள் இருக்கிறார்கள். அரசாங்கம் அவர்களைப் பயங்கரவாதிகள் என்கிறது. அவர்களைப் பட்டினி போட்டுப் பிடிப்பதற்காக, காட்டுக்கு வெளியே இருந்த ரப்பர் தோட்டத்து ஜனங்களை முள்கம்பிக்குள் அடைத்தார்கள். ரப்பர் பால் வெட்டப் போகிறவர்கள் ஒரு பிடி சோறுகூட வாசலைத் தாண்டி எடுத்துப் போகக் கூடாது. கடைக்காரர் டின் விற்றால் அங்கேயே துளை போட்டுத்தான் கொடுக்க வேண்டும். துளை போட்ட டின்னைச் சேர்த்து வைத்துக் காட்டுக்கு அனுப்ப முடியாதல்லவா?

"அத்தா இதைப் பார்த்தால் கடையை இழுத்து மூடிவிட்டுக் கப்பலேறிவிடுவார்" என்று வேடிக்கையாக எழுதியிருந்தாய். சீல் உடைந்த சாமானைத் தராசுப் பக்கமே கொண்டுவர விடாத மனிதரின் மகள் நீ. உனக்குப் பத்து வயதில் அவர் கொடுத்த முதல் வேலையே டின் துடைப்பதுதான்.

மச்சானைக் கொன்றவர்கள் காட்டிலிருந்து வந்தவர்கள். கடைக்குச் சாமான் வாங்க அவர் போன பஸ்ஸை மறித்துச் சுட்டார்கள். அவர்களுக்காக நான் ஒரு சொல்கூடப் பரிந்து பேசமாட்டேன். அதற்குப் பிறகு தோட்டத்தில் மச்சானின் கடையை நீ தனியாகத்தான் நடத்தினாய். புருஷனைச் சுட்டவர்களுக்குப் பால் அனுப்பினாள் என்று உன்னையே பிடித்தார்களே, அந்த மூளையை என்னவென்று சொல்வது?

நடந்ததை அத்தாவிடம் சொன்னவர், பல்கீஸை நாகப்பட்டினம் வரை கொண்டுவந்து ஒப்படைத்த உன் பக்கத்து வீட்டுக் காவேரியக்கா. கம்பிக்கு அப்பால் அடுத்த தோட்டத்தில் இருந்த தன் அக்காள் பிள்ளைக்குத் தாய்ப்பால் இல்லை என்று ஒரு பெண் உன்னிடம் வந்தாளாம். துளை போட்டால் போய்ச் சேர்வதற்குள் எறும்பு மொய்த்துவிடும் என்றாளாம். நீ டின்னைத் துடைத்து முழுசாகக் கொடுத்தாய். வாசல் சோதனையில் அது அகப்பட்டது. உன்னை லாரியில் ஏற்றினார்கள். விசாரணை இல்லை. எத்தனை நாள் என்று காவேரியக்கா கேட்டதற்கு, "நெருக்கடி முடியுற வரைக்கும்" என்றார்களாம். அந்த மழைக்காலக் காய்ச்சலில் நீ முடிந்தாய். நெருக்கடி முடியவில்லை.

நெருக்கடி என்றுதான் சொல்கிறார்கள், போர் என்று சொல்வதில்லை. போர் என்றால் தோட்டத்து முதலாளிகளுக்கு இன்ஷூரன்ஸ் கிடைக்காதாம். அப்படி ஒரு பேச்சு இருக்கிறது. நீ நிக்காஹ் முடித்துக் கப்பலேறியபோதே அது தொடங்கிவிட்டது. பிறகு வெள்ளைக்காரன் ஆட்சி போய் அந்த நாட்டில் கொடிகூட மாறிவிட்டது. முள்கம்பி மாறவில்லை. ஊரைப் பிடிக்கும் போர் என்றால் ஊரைப் பிடித்ததும் முடியும். பயத்தை ஒழிக்கும் போர் என்றைக்கு முடியும், லாத்தா? பயம் ஒழிந்துவிட்டது என்று யார் வந்து சொல்வார்கள்? கம்பி கட்டிப் பிழைப்பவர்கள் சொல்வார்களா?

மரைன் ஹில் காண்ட்ராக்டர் மாமாவை உனக்கு ஞாபகம் இருக்கும். உன் மௌத்துச் செய்தி வந்தபோது துக்கம் கேட்க வந்து நம் வீட்டு டீயைக் குடித்துவிட்டுப் போனவர். போன வாரம் கடையில் பேப்பரை விரித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"பாத்தீங்களா பாய்? மலாயாவுல இன்னும் கொஞ்ச பேர்தானாம். இந்த வருஷத்தோட கதம்."

"போன வருஷமும் இதையேதான் சொன்னீங்க" என்றேன் உள்ளிருந்து.

"அட, மைமூனா? பொண்ணு நெறைய படிக்குது பாய், மினிஸ்டர் ஆக்கிருங்க. இந்தா பாரும்மா, பயங்கரவாதிய ஒழிக்கணும்னா நாலு பேரு கஷ்டப்படத்தான் வேணும். க்யா கரேகா, என்ன செய்ய?"

"அந்த நாலு பேர்ல உங்க வீட்டு ஆளு எத்தனை மாமா?"

"சுப் ரஹோ, மைமூன்!" என்று அத்தா வாயை மூடச் சொல்லி அதட்டினார். அந்த ஆத்திரம் இன்னும் தீரவில்லை. பேப்பரில் 'கொஞ்ச பேர்' என்று காட்டில் இருப்பவர்களை எண்ணுகிறார்கள். உன்னை எந்தப் பக்கத்தில் எண்ணினார்கள்?

எனக்குத் தெரியும். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

பல்கீஸை அனுப்பும் முன் மலாயா அரசாங்கத்திடமிருந்து ஒரு தாள் வந்தது. இங்கிலீஷில் இருந்தது. உறவினர் கையெழுத்திட்டால்தான் பிள்ளையை விடுவார்கள். மேற்படி பெண் பயங்கரவாதிகளுக்கு உணவு அனுப்பியதால் சட்டப்படி காவலில் வைக்கப்பட்டார் என்பதை ஒப்புக்கொள்கிறோம், இதைப் பற்றி இனி எதுவும் கேட்கமாட்டோம் என்று நடுவில் ஒரு வரி இருந்தது.

"என்ன போட்டிருக்கு?" என்று அத்தா கேட்டார்.

"புள்ளய நல்லா வளக்கணும்னு போட்டிருக்கு" என்றேன். அத்தா தமிழில் தன் பெயரை எழுதினார்.

அவர் இடது கையில் இரண்டு நகம் கோணலாக முளைத்திருப்பது ஏன் என்று நம் இருவருக்கும் தெரியும். பக்கத்துக் கடைக்காரரை உளவாளி என்று எழுதிக் கொடுக்கச் சொல்லி, போர்க்காலத்தில் இந்தத் தீவைப் பிடித்த ஜப்பான்காரன் பிடுங்கிய நகங்கள். அத்தா எழுதிக் கொடுக்கவில்லை. அந்த வரியைப் படித்துக் காட்டியிருந்தால் இந்தத் தாளிலும் கையெழுத்துப் போட்டிருக்கமாட்டார். பல்கீஸ் கம்பிக்குள்ளேயே இருந்திருப்பாள். அதனால் நான் மறைத்தேன். நம் அத்தாவின் கையாலேயே உன்னைக் குற்றவாளி ஆக்கினேன்.

பால் டின் சம்பவத்துக்குப் பிறகு என்னால் அதை வைத்துக்கொண்டிருக்க முடியவில்லை. நேற்றுக் காலை கடை திறக்கும் முன் தாளின் நகலை அவர் முன் வைத்துச் சொன்னேன்.

அந்த வரியின் மேல் விரலை வைத்தார். "இங்கயா?"

"ஆமா அத்தா."

"ஜப்பான்காரனுக்கே நான் போட்டுக் குடுக்கலியே மைமூன்."

பல்கீஸ் வாசலில் நின்று நாய்க்குப் பிஸ்கட் போட்டுக்கொண்டிருந்தாள். அவளைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"புள்ள வந்துருச்சு. சரி. ஆனா நீ எழுது. நான் படிக்காமப் போட்ட கையெழுத்துன்னு எழுது. சீலோட குடுக்கணும்னு அவளுக்குச் சொல்லிக் குடுத்தவன் நான்தான்னும் எழுது. புடிக்கணும்னா என்னைய வந்து புடிக்கட்டும்."

அதன்பிறகு அவர் என்னோடு பேசவில்லை. எப்போது பேசுவார் என்றும் தெரியவில்லை.

அவர் சொன்னதை எழுதிவிட்டேன். இதை மெட்ராஸ் பத்திரிகை ஒன்றுக்கு அனுப்புகிறேன். அந்தத் தாள் எங்கிருந்து வந்ததோ அங்கேயும் இங்கிலீஷில் ஒரு பிரதி போகும். கேட்கமாட்டோம் என்று எழுதி வாங்கினார்கள். கேட்கிறோம். உங்கள் போருக்கு ஒரு பால் டின் எத்தனை பெரிய ஆயுதம்? அதைக் கொடுத்தவளுக்குத் தண்டனை எத்தனை நாள்?

உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன், லாத்தா. அம்மாவை ஏன் பிடித்தார்கள் என்று பல்கீஸ் கேட்டால் நான் பேச்சை மாற்றமாட்டேன். நாளைக்கு அவளைக் கல்லாவுக்குப் பக்கத்தில் முக்காலி போட்டு நிற்கவைப்பேன். முதலில் யார் பால் டின் கேட்டு வந்தாலும் அவளே துடைத்து, அவள் கையாலேயே, முழுசாகக் கொடுப்பாள். ஓட்டை போடலியா என்று கேட்டால் அந்தக் கையை நான் பிடித்துக்கொள்கிறேன்.

உன் பிள்ளைக்குச் சாச்சியும், உனக்கு என்றும் தங்கையுமான
மைமூன்
போர்ட் பிளேர்