புல் வண்டிக்கு ரெண்டு பிளக்

மே 9, சனி

வெயில் கொளுத்துகிறது. போன வாரம் பெய்த மழைக்கு மைதானத்துப் புல் கணுக்காலைத் தாண்டிவிட்டது.

செய்ய வேண்டியது: தண்ணீர்த் தொட்டி கழுவ. விடுதி வராண்டா பெருக்க. புல் வெட்ட.

தொட்டி ஆச்சு, வராண்டா ஆச்சு. புல் ஆகவில்லை. உட்கார்ந்து ஓட்டுகிற புல் வண்டி கிளம்ப மாட்டேன் என்கிறது. சாவியைத் திருப்பினால் இரண்டு இருமல், அப்புறம் கம்மென்று இருக்கிறது. கோபித்துக்கொண்ட நாத்தனார் மாதிரி.

விடுதிப் பிள்ளைகள் லீவுக்குப் போயாச்சு. கான்வென்ட் சிஸ்டர்களும். கேட்டில் வாட்ச்மேன் சூசை அண்ணன், இங்கிட்டு வேலையாள் நான். நடுவில் அத்தனை பெரிய மைதானம். கேலி பண்ணக்கூட ஆள் கிடையாது. தென்னை மரத்தைப் பார்த்து "என்னடி, தலை சீவலையா" என்று கேட்டேன். பதில் இல்லை.

சாயந்திரம் வீட்டுக்காரருக்கு ஒரு வாய்ஸ் மெசேஜ். அவர் கத்தாரில் புல்தரை பார்க்கிற வேலை, இதே மாதிரி வண்டிதான். வெள்ளிக்கிழமை மட்டும் கூப்பிடுவார். நேற்று கூப்பிட்டார். சாப்பிட்டியா, சாப்பிட்டேன். மழையா, மழை. வெச்சிரவா, வைங்க. வருசக்கணக்காக இதே பாட்டு. புதுசாக ஒரு சேதி போகட்டுமே என்று, "ஏங்க, புல்லு வண்டி படுத்துருச்சு" என்று அனுப்பினேன்.

மே 10, ஞாயிறு

போன். ஞாயிற்றுக்கிழமையில்! யாரோ செத்துப்போனார்கள் என்று நினைத்தே எடுத்தேன்.

"ஏ புள்ள, ஸ்பார்க் பிளக்கக் கழட்டிப் பாத்தியா?"

"நல்லா இருக்கேன். கேட்டதுக்கு ரொம்ப சந்தோசம்."

"வெளையாடாத. ரெண்டு பிளக் இருக்கும். எஞ்சினுக்கு அங்கிட்டு ஒண்ணு, இங்கிட்டு ஒண்ணு. கழட்டி நாளைக்குக் காட்டு."

நாளைக்கு என்றார். அடுத்த வெள்ளி என்று சொல்லவில்லை. பாத்திரம் கழுவும்போது என்னையறியாமல் பாட்டு வந்தது.

மே 11, திங்கள்

ரெண்டையும் கழற்றினேன். ஒரே கரி. கடைக்குப் போகச் சோம்பல். என் மொபெட் பிளக்கைப் பிடுங்கி ஒரு பக்கம் மாட்டினேன், திருகு மறையில் ஜம்மென்று ஏறியது. மறுபக்கம் பழசையே சுரண்டி மாட்டினேன். ஆகா என்ன மூளை என்று நானே மெச்சிக்கொண்டேன். வண்டி துள்ளியது, கரும்புகை விட்டது, நின்றது. அந்தப் பிளக்கிலும் கரி, இப்போது மொபெட்டும் ஓடவில்லை.

சாயந்திரம் வீடியோவில் வந்தார். மொபெட் பிளக்கையும் வண்டிப் பிளக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டச் சொன்னார்.

"கழுத்தப் பாரு. மொபெட் பிளக்கு கழுத்து குட்டை. உள்ள வரைக்கும் பொறி எட்டாது. நல்லாப் பாரு, கழுத்து நீளமா இருக்கணும்."

"எங்கழுத்தப் பாத்து எத்தன வருசமாச்சு. பிளக்குக் கழுத்த மட்டும் இப்புடிப் பாக்குறீங்க."

படம் குலுங்கியது. லைன் போச்சோ என்று பார்த்தால், சிரிக்கிறார். அறையில் கூட இருப்பவர்கள் கேட்டுவிட்டார்கள் போல. போனைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடினார்.

கரியைப் பெட்ரோலில் கழுவினால் நம்பர் தெரியும் என்றார். தெரிந்தது. அறிவொளி வகுப்பில் எனக்குத் தமிழ் எழுத்துதான் வந்தது. இங்கிலீஷ் எழுத்தைக் கோலம் மாதிரி பார்த்துப் பார்த்து ஒரு துண்டுத் தாளில் போட்டுக்கொண்டேன்.

மே 12, செவ்வாய்

பஸ்ஸில் இலுப்பூர். ஸ்பேர் பார்ட்ஸ் கடை செல்வம் எனக்குக் கொழுந்தன் முறை.

"எந்த வண்டிக்கு அத்தாச்சி?"

"புல்லு வெட்டுற வண்டிக்கு."

"நம்ம ஊருல புல்லு வெட்டுறது ஆடுதான. ஆட்டுக்கு எங்கிட்டுப் பிளக்கு மாட்டுவீங்க?"

"மொதல்ல ஒங்க வாய்க்கு ஒண்ணு மாட்டுறேன் கொழுந்தனாரே, அடைபடட்டும்."

நீளக் கழுத்தில் ஒன்று எடுத்துப் போட்டான். போட்டோ எடுத்துக் கத்தாருக்கு அனுப்பினேன். வேலை நேரத்திலேயே பதில்: கழுத்து சரி, நம்பர் வேற, சூடு தாங்காது, வாங்காதே. செல்வம் திருச்சிக் கடைக்குப் போன் போட்டான். வியாழக்கிழமை பஸ்ஸில் கொடுத்துவிடுகிறார்களாம்.

சாயந்திரம் கூப்பிட்டார். பிளக் பேச்சு சட்டென்று முடிந்துவிட்டது. வெச்சிரவா என்று கேட்கவில்லை. அப்புறம், கடைவாய்ப் பல் ஒன்றைப் பிடுங்கிவிட்டதாகச் சொன்னார். எப்போது? பொங்கலுக்கு முந்தியாம்.

"ஏன் சொல்லல?"

"சொல்லி என்ன பண்ண."

நானும் போன வருசம் படியில் விழுந்ததைச் சொன்னேன். "ஏன் சொல்லல" என்று அவர் கத்தினார். நல்ல கூத்து.

சாப்பிடும்போது ஒரு பக்கமாகவே மென்று பார்த்தேன்.

மே 14, வியாழன்

நேற்றும் கூப்பிட்டார். பிளக்கை முதலில் கையால் திருகு, அப்புறம் ஸ்பேனர் போடு என்று சொல்ல. அதற்கு அரை மணி நேரம்.

காலையில் பிளக் ரெண்டும் வந்தது. கழுத்து சரி, நம்பர் சரி. கையால் திருகி, அப்புறம் ஸ்பேனர். சாவியைத் திருப்பியதும் பிடித்துக்கொண்டது. மைதானத்தில் ஒரு சுற்று. கோழிக்குஞ்சு மாதிரி மெத்தென்ற சத்தம்.

பாதியில் நிறுத்திவிட்டேன். சீட்டிலேயே உட்கார்ந்திருந்தேன், தலையில் வெயில். வண்டி சரியாகிவிட்டது. இனிமேல் எதற்குக் கூப்பிடுவார்?

சாயந்திரம். "பிளக்கு வந்துச்சா?"

"வரல."

வாய் தானாகச் சொல்லிவிட்டது. "அந்தச் செல்வம் பயல நம்பாத" என்று திட்டினார். பாவம் செல்வம்.

மே 15, வெள்ளி

வானம் மூட்டம். மழை இல்லை. புல் இன்னும் அப்படியே.

வண்டி மேல் உட்கார்ந்திருக்கும்போது போன். வீடியோ. இன்னுமா வரல என்றார். வரலங்க என்றேன். முதுகுக்குப் பின்னால் சூசை அண்ணன், காது மந்தம், பேசினால் ஊருக்கே கேட்கும்:

"ஏம்மா, நேத்துக் காலைல வண்டி ஜோரா ஓடுச்சே. ஏன் நிப்பாட்டிப்புட்ட?"

போனைக் கையால் பொத்தினேன். பொத்தி என்ன. எல்லாம் கேட்டாச்சு.

கையை எடுத்தேன். தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்துகொண்டிருந்தார்.

"ஓடுதா?"

"ஓடுது."

"நேத்தேவா?"

"நேத்தே."

திட்டட்டும் என்று குனிந்துகொண்டேன்.

அவர் தொப்பியைத் திரும்ப மாட்டினார்.

"பெல்ட்டப் பாத்தியா?"

"பெல்ட்டுக்கு என்ன?"

"தேஞ்சிருக்கும். மூடியக் கழட்டி வை. நாளைக்குக் கூப்புடுறேன்."

பெல்ட் மாற்றி மூன்று மாசம்கூட ஆகவில்லை. எந்தப் பெல்ட் வாங்க வேண்டும் என்று ஒரு வெள்ளிக்கிழமை ஒரே வார்த்தையில் சொன்னதே அவர்தான்.

மூடியைக் கழற்றிவிட்டேன்.